பொருள்: மறு: 'ஜர்னிமேன் எலெக்ரீசியன்' — தமிழில் என்ன எழுதலாம்?

ஸ்காபரோவிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

ஒரே ஒரு சொல்லுக்காக வந்திருக்கிறேன். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள கட்டட வேலைத்தலங்களில் பதினெட்டு வருடமாக மின்வேலை செய்கிறேன். கையில் இருப்பது மின்வேலைக்காரருக்கான ஒன்ராறியோ மாகாணத்தின் 309ஏ சான்றிதழ். ஊரிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகளுக்காக யாரோ ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தமிழாக்கி அச்சடித்திருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அதில் 'ஜர்னிமேன் எலெக்ரீசியன்' என்ற என் தொழிலுக்கு வைத்த பெயர் 'உரிமம் பெற்ற பயணி மின்பணியாளர்'. மத்தியானச் சாப்பாட்டு நேரம் அதை உரத்து வாசித்தேன். கூட வேலைசெய்யும் பொடியன், "அண்ணை, நீங்கள் பஸ்ஸிலை போய்ப் போய் வயர் இழுக்கிற ஆளோ?" என்றான்.

சிரித்து முடிந்ததும், "அப்ப சரியான தமிழ் என்ன?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. அதுதான் இந்த மடல்.

முதலில் சொல்லின் கதை. ஜர்னிமேனில் உள்ள 'ஜர்னி' பயணம் அல்ல. பிரெஞ்சில் 'ழூர்னே' என்றால் ஒரு நாள். ஒரு நாள் வேலையும் அதுவே. பழைய காலத்தில் தொழில் பழகும் பையன் ஓர் ஆசானுக்கு ஆண்டுக்கணக்கில் எழுத்தில் கட்டுப்பட்டவன். பழகி முடித்தால் கட்டு அவிழும். அதன் பிறகு தன்னுடைய நாளை விரும்பியவரிடம் விற்கலாம், நாட்கணக்கில் கூலி வாங்கலாம். ஆனால் சொந்தப் பட்டறை வைத்த ஆசான் ஆகிவிடவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்பவன்தான் ஜர்னிமேன்.

ஜெர்மனியில் இந்த நிலைக்கு வந்த தச்சர்கள் மூன்று வருடமும் ஒரு நாளும் ஊர் ஊராகச் சுற்றி வேலை பழகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. எனவே 'பயணி'க்குச் சாக்குச் சொல்ல விரும்புகிறவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் தொழிற்சங்க வழக்கில் 'டிராவலர்' என்று வேறொருவர் இருக்கிறார்: தன் ஊர்க் கிளையில் வேலை இல்லாமல் இன்னொரு கிளையின் எல்லைக்குப் போய் வேலை செய்பவர். பயணி என்ற சொல்லை அவருக்கு விட்டுவைப்போம்.

'நாட்கூலி மின்பணியாளர்' என்று வேர்ச்சொல்லை அப்படியே எடுத்தால்? எழுதிப் பாருங்கள். அம்மாவின் காதில் அது விழுந்தால் கனடாவுக்கு அனுப்பியதே பிழை என்று நினைப்பா.

இனி இந்த ஆள் யார் என்று சொல்கிறேன். சொல் அதற்குப் பொருந்த வேண்டும். இங்கே பழகுநராகச் சேர்ந்தால் மொத்தம் 9,000 மணித்தியாலம். அதில் 8,160 வேலைத்தலத்தில், 840 வகுப்பறையில். ஏறத்தாழ ஐந்து வருடம். பிறகு பரீட்சை, 70 புள்ளி வேண்டும். சித்தியடைந்தால் தனியாக வேலை செய்யலாம், பழகுநரைப் பக்கத்தில் வைத்து வேலை பழக்கலாம். ஒரு பழகுநருக்கு இப்படி ஒருவர் இருக்கவேண்டும் என்பது ஒன்ராறியோவில் விதி. ஆனால் தன் பெயரில் ஒப்பந்தம் எடுத்து வீட்டுக்காரரிடம் காசு வாங்க முடியாது. அதற்கு மாஸ்ரர் எலெக்ரீசியன் ஒருவரும், மின் பாதுகாப்பு ஆணையத்தின் ஒப்பந்தகாரர் உரிமமும் தேவை.

'அனுபவம் வாய்ந்த' என்று போட்டால் போதாதா என்று முந்தைய மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒன்பது வருடம் வயரிங் செய்துவிட்டு வந்தவன். அந்த நாளில் அங்கே எங்களுக்குச் சிவப்பு உயிர்க்கம்பி, கறுப்பு நொதுமல் (நியூட்ரல்). இங்கே கறுப்பில்தான் மின்சாரம் ஓடும், வெள்ளை நொதுமல். வந்த புதிதில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கூரைத்தட்டுக்கு மேலே ஒரு பெட்டியைத் திறந்தேன். கறுப்பைக் கண்டதும் கை தானாகப் போனது. மூளை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடப் பழக்கம் கையில் இருந்தது. பக்கத்து ஏணியில் நின்ற போர்த்துக்கேயர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் மீற்றரை வைத்துக் காட்டினார். 347 வோல்ட். வீட்டுச் சுவரில் 120 தான், ஆனால் இந்த நாட்டுப் பெரிய கட்டடங்களில் விளக்குச் சுற்று 347இல் ஓடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அவர் ஜர்னிமேன். நான் அனுபவம் வாய்ந்தவன்.

என் முன்மொழிவு: தேர்வினைஞர். தேர்ந்த வினைஞர். 'வினைஞர்' பழைய சொல். மணிமேகலையில் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தண்தமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்கிறார்கள். எங்கள் வேலைத்தலமும் ஏறக்குறைய அப்படித்தான்; யவனருக்குப் பதில் போர்த்துக்கேயர். எனவே 'மின் தேர்வினைஞர்'. அடியுங்கள்.

*

திருவாரூர்ப் பக்கத்திலிருந்து:

ஐயா, அடிக்கச் சொன்னீர்கள், அடிக்கிறேன். 'தேர்வினைஞர்' என்று எங்கள் ஊரில் சொன்னால் ஆழித்தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவரைத்தான் கூப்பிட்டு வருவார்கள். முன்னால் 'மின்' வேறு சேர்த்திருக்கிறீர்கள். தேருக்கு சீரியல் செட் போடுகிறவர் என்று முடிவே கட்டிவிடுவார்கள்.

*

திருச்சியிலிருந்து:

வணக்கம் தம்பி. நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் முப்பது வருடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் மடலில் அந்த 347 வோல்ட் பத்தியை இரண்டு முறை படித்தேன். என் பையன்கள் நாலைந்து பேர் வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கிறார்கள்.

சொல்லுக்கு வருகிறேன். எங்கள் ஐ.டி.ஐ.யில் தொழிற்பிரிவுகளுக்கெல்லாம் தமிழ்ப் பெயர் உண்டு: மின்பணியாளர், கம்பியாள் (வயர்மேன்), பொருத்துநர் (ஃபிட்டர்), கடைசலர் (டர்னர்), கம்மியர் (மெக்கானிக்). சேர்ந்த புதிதில் பையன்கள் 'கடைசலர்' என்றால் கடைசி பெஞ்ச் என்று கிண்டல் செய்வார்கள். இரண்டாம் வருடம் அவர்களே விண்ணப்பத்தில் எழுதுவார்கள். எலக்ட்ரீஷியனுக்கு மின்பணியாளர் என்று ஒன்று நிலைத்திருக்கும்போது வினைஞரை ஏன் கொண்டுவர வேண்டும்? அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் வைத்தால் படிக்கிறவன் இரண்டு ஆள் என்று நினைப்பான்.

இன்னொன்று. தமிழ்நாட்டு மின் உரிமம் வழங்கும் வாரியம் கம்பியாளர் உதவியாளர், கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று படிப்படியாகத் தகுதிச் சான்று கொடுக்கிறது. உங்கள் நடுப்படிக்குக் 'கம்பியாளர்' சரிப்பட்டு வருமா என்று யோசியுங்கள். அமெரிக்கச் சங்கங்களிலும் 'ஜர்னிமேன் வயர்மேன்' என்றுதானே வழங்குகிறது?

கடைசியாக, 'உரிமம் பெற்ற'. நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் ஒன்டாரியோவில் உரிமம் ஒப்பந்ததாரருக்கு, ஆளுக்குச் சான்றிதழ். டெக்சாஸில் ஆளுக்கே உரிமம். 8,000 மணி நேரம் வேலை பார்த்துத் தேர்வு எழுதினால் ஜர்னிமேன் உரிமம் தருகிறார்கள். ஆகவே உரிமத்தைச் சொல்லுக்குள் திணிக்காதீர்கள். படிக்கு ஒரு சொல், காகிதத்துக்கு ஒரு சொல், இரண்டையும் தனித்தனியாக வையுங்கள்.

*

பிரம்டனிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே எழுதுவது முதல் தடவை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பிழை இருந்தால் திருத்துங்கோ.

நான் பழகுநர். இரண்டாவது வகுப்பு முடித்துவிட்டேன், இன்னும் ஒன்று இருக்கிறது. திருச்சி ரீச்சர் சொன்ன 'கம்பியாளர்' பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்த வருஷம் நான் கம்பியைத் தொட்டதைவிடக் குழாயைத் தொட்டதுதான் கூட. அடுக்குமாடி கட்டும்போது கொங்கிறீட் ஊற்ற முதலே தளத்துக் கம்பிவலைக்கு நடுவில் குழாய்களை ஓடவிட்டுக் கட்டவேண்டும். ஊற்றும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று, யாரும் மிதித்து உடைக்காமல் பார்க்கவேண்டும். உடைந்தால் பிறகு தளத்தைக் கொத்தவேண்டி வரும். கீழ்மாடியில் உலோகக் குழாய் வளைப்பு. அரை அங்குலக் குழாயை நிமிர்த்தி வளைக்க, வேண்டிய உயரத்திலிருந்து ஐந்து அங்குலம் கழி, முக்காலுக்கு ஆறு கழி. கனவிலும் இதுதான் வருகிறது. இந்த வேலைக்குக் கம்பியாளர் என்றால் பாதிதான் சொன்ன மாதிரி.

மற்றது, இங்கே இப்ப படிவங்களில் 'ஜர்னிமேன்' குறைந்து 'ஜர்னிபேர்சன்' ஆகிவிட்டது. என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் பெண்கள். தமிழில் 'அர்' விகுதி இருக்கிறபடியால் அந்தக் கரைச்சல் இல்லை.

எனக்குச் சொல் உண்டாக்கத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. என் ஒன்றுவிட்ட அண்ணா போன வருஷம் பரீட்சை எழுதினவர், முதல் தடவை தவறிவிட்டது. இரண்டாம் முறை எழுதிவிட்டு வந்த அன்று அம்மம்மா ஃபோனில் கேட்டது இவ்வளவுதான்: "பொடியன் தேறீட்டானோ?" ஜர்னிமேன் என்றால் என்னவென்று அம்மம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு வேலைத்தலத்தில் அண்ணாவுக்குச் சம்பளம் மாறினது, அவருக்குக் கீழே ஒரு பழகுநரை விட்டார்கள். தேறின ஆள் எண்டுதான் நாங்கள் சொல்கிறது.

*

ஸ்காபரோவிலிருந்து:

பிள்ளை, நீ இனி 'சொல் உண்டாக்கத் தெரியாது' என்று எழுதக்கூடாது.

தேர்வினைஞரை நான் திரும்பப் பெறுகிறேன். திருவாரூர் ஐயாவின் முட்டுக்கட்டை சரியான இடத்தில் விழுந்துவிட்டது. வினைஞரையும் விட்டுக்கொடுக்கிறேன், கொஞ்சம் மனவருத்தத்தோடு. ரீச்சர் சொன்னதுபோல மின்பணியாளர் ஏற்கெனவே நிலைத்த சொல்.

நேற்றிரவு 'தேறுநர்' என்று ஒன்றை எழுதிப் பார்த்தேன். பழகுநர், தேறுநர் என்று இயைபு போல ஓடியது. பிறகு உறுத்தியது. ஓட்டுநர் ஓட்டுகிறவர், இயக்குநர் இயக்குகிறவர், பழகுநர் பழகுகிறவர். அப்படியே பார்த்தால் தேறுநர் இன்னும் தேறிக்கொண்டிருப்பவர். இங்கே முடிந்துவிட்டது என்பதுதான் சொல்லின் உயிர். அதற்கு இறந்தகாலம் வேண்டும். அம்மம்மா 'தேறீட்டானோ' என்று கேட்டதில் அது இருக்கிறது. 'தேர்ந்த' என்பதிலும் உண்டு, ஆனால் அது தெரிவு செய்யப்பட்டதா, திறமை பெற்றதா என்று தடுமாற வைக்கும். தேறிய என்றால் அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஆகவே முழுப்பெயர் 'தேறிய மின்பணியாளர்'. பேச்சில் 'தேறியவர்'. டெக்சாஸ்காரர் முன்னால் 'உரிமம் பெற்ற' என்று சேர்க்கட்டும், நாங்கள் 'சான்று பெற்ற' என்று சேர்க்கிறோம். வேறு தொழிலுக்கும் ஒட்டும்: தேறிய பொருத்துநர், தேறிய தச்சர். தேறிய பிளம்பர் என்றாலும் குறைவில்லை.

ஒரு குறை தெரிகிறது, நானே சொல்லிவிடுகிறேன். நோயிலிருந்து எழும்பினவரையும் 'தேறியவர்' என்போம். வேலைத்தலத்தில் அந்தக் குழப்பம் வராது என்று நம்புகிறேன். வந்தாலும், 70 புள்ளிக்காக இரண்டு மாதம் நித்திரை முழித்தவரைக் கேட்டால் அதுவும் பொருத்தம்தான் என்பார்.

இன்று காலை நடைமுறையில் போட்டுப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் மின்பலகை திறந்திருந்தது. அந்தப் பொடியன் கையுறையை மாட்டிக்கொண்டு கிட்டப் போனான். "தேறியவர் வராமல் தொடாதை" என்றேன். நின்றுவிட்டான். சொல் விளங்கியதா, குரல் விளங்கியதா தெரியாது.

மாஸ்ரர் எலெக்ரீசியனுக்கு ஒருவர் தனிமடலில் 'மின் ஆசான்' என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. இங்கே அவர் பாடம் எடுப்பவர் இல்லை. நிறுவனத்தின் வேலை விதிப்படி நடந்ததற்குப் பொறுப்புச் சொல்பவர். 'பொறுப்பு மின்பணியாளர்' என்று மனதில் ஓடுகிறது. ஆனால் தமிழ்நாட்டு அலுவலக வழக்கில் 'பொறுப்பு' என்றால் தற்காலிகமாக அந்த நாற்காலியில் இருப்பவர் ஆகிவிடுமே. தனி இழையில் பேசுவோம்.

துண்டுப்பிரசுரக்காரர்கள் திருத்தம் கேட்டிருக்கிறார்கள். இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: "தொழிற்பழகுநராக 9,000 மணித்தியாலம் முடித்துப் பரீட்சையில் சித்தியடைந்தவர் தேறிய மின்பணியாளர் ஆவார். அவர் தனியாக வேலை செய்யலாம். ஒரு பழகுநரை வழிநடத்தலாம். ஆனால் தம் பெயரில் ஒப்பந்தம் எடுக்க முடியாது."

திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அடுத்த வரியில் 'ஒப்பந்தகாரர்' என்று நான் எழுத, ரீச்சர் 'ஒப்பந்ததாரர்' என்று எழுதியிருக்கிறார். இரண்டு ஊர் ஆட்களும் வாசிக்கப்போகும் தாள் அது. ஞாயிறு இரவுக்குள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.