தமிழ்நாட்டில் ஜோக்குக்காக யாரும் ஜெயிலுக்குப் போனதில்லையா?

வைகைக்கரை:
மேடை நகைச்சுவையாளர் குணால் காம்ரா பற்றிப் பேசும்போது கொங்குக்காரன் நேற்று எழுதியது இது: "ஜோக்குக்காக ஆளைப் பிடித்து உள்ளே போடுவதெல்லாம் வடக்கே நடப்பது. தமிழ்நாட்டில் ஜோக் சொன்னதற்காக யாரும் ஜெயிலுக்குப் போனதில்லை. அதனால்தான் காம்ராவே விழுப்புரம் பக்கம் வந்து குடியிருக்கிறார்."

படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 1987ஐ எப்படி மறந்தீர்கள்? ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்பது கேள்வி. ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்பது பதில். இதற்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை கொடுத்தது. எம்.ஜி.ஆர். முதல்வர், பி.எச். பாண்டியன் சபாநாயகர். வடக்கே இல்லை, நம் கோட்டையில் நடந்தது.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் தெரு சலூனில் ஒருவர் அந்த ஜோக்கைச் சத்தமாகப் படித்தார். சலூன்காரர் சிரித்த சிரிப்பில் கத்தியை என் தாத்தாவின் கன்னத்திலிருந்து எடுத்துத் தூரப் பிடித்துக்கொண்டார். ஆளுங்கட்சிக்காரர் ஒருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரும் சிரித்தார். சட்டமன்றத்துக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கொங்குக்காரன்:
வந்துவிட்டார் வைகை. நான் எதை எழுதினாலும் பின்னாலேயே வருவது உங்கள் வழக்கம். மூன்று மாதம் என்று முழங்குகிறீர்களே, அவர் உள்ளே இருந்தது மூன்று நாள். அதுவும் ஜோக்குக்காக இல்லை. மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. தண்டனை அதற்கு.

வைகைக்கரை:
எதற்கு மன்னிப்பு? ஜோக்குக்கு! பேருந்தில் டிக்கெட் எடுக்காததற்கா மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள்? மூன்று நாளில் விட்டது அவர்களுடைய பெருந்தன்மையால் இல்லை. நாடு முழுக்கப் பத்திரிகைகள் கொதித்தன, வேறு வழியில்லாமல் விட்டார்கள். அவர் வெளியே வந்த பிறகும் சும்மா இருக்கவில்லை. வழக்குப் போட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆயிரம் ரூபாய் நஷ்டஈடு வாங்கினார். அந்த ஆயிரம் ரூபாயின் மதிப்பு உங்களுக்குப் புரியாது.

கறுப்புக்கோட்டு:
தொழில்முறையில் ஒரு திருத்தம். அது போலீஸ் வழக்கே இல்லை. அரசியல் சாசனம் 194(3), சட்டமன்ற உரிமை மீறல், சட்டமன்றமே தண்டிப்பது. மேடை நகைச்சுவையாளர் முனாவர் ஃபரூக்கி மேல் போட்டது இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ, மத உணர்வைப் புண்படுத்துவது. 1927இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 295ஏ-வுக்கு வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு புண்படுத்தியிருக்க வேண்டும். அதைத்தான் நாம் பேச வேண்டும்.

கொங்குக்காரன்:
அதேதான். உரிமை மீறல். ஜோக் வழக்கு இல்லை. வக்கீலே சொல்லிவிட்டார்.

வைகைக்கரை:
வக்கீல் எந்தப் பிரிவு என்றுதான் சொன்னார். உரிமையை மீறியது எது? ஜோக். உள்ளே போனவருக்குப் பிரிவு எண்ணா முக்கியம்? ஃபரூக்கியைப் பாருங்கள். 2021 ஜனவரி 1, இந்தூரில் ஒரு கஃபேயில் மேடை ஏறினார். பா.ஜ.க. எம்.எல்.ஏ.வின் மகன் புகார் கொடுத்தார். கைது. மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்து, உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்கால ஜாமீன் கொடுக்கும்வரை ஒரு மாதத்துக்கு மேல் சிறை. அங்கே ஒரு மாதம், இங்கே மூன்று நாள். நாள் கணக்கு வேறு, நோய் ஒன்றுதான்.

கொங்குக்காரன்:
பார்த்தீர்களா, நீங்களே வடக்குக்குத்தான் போகிறீர்கள். மும்பையில் 2025 மார்ச் 23 அன்று அப்போதைய மகாராஷ்டிர துணை முதல்வர் ஷிண்டேயின் கட்சிக்காரர்கள் ஹாபிடாட் அரங்கில் நாற்காலிகளை உடைத்தார்கள். ஷிண்டேயின் பெயரைக்கூடச் சொல்லாமல் காம்ரா பாடிய ஒரு பாட்டுக்கு! மறுநாளே மாநகராட்சி சுத்தியலோடு வந்து இடித்தது. அந்த ஆளுக்கு முதலில் முன்ஜாமீன் கொடுத்தது எது? சென்னை உயர் நீதிமன்றம். தமிழன் என்ற முறையில் எனக்கு அதில் பெருமை உண்டு. உங்களுக்கு இல்லையென்றால் அது உங்கள் பாடு.

வைகைக்கரை:
நீதிமன்றத்தின் பெருமையை அரசாங்கத்தின் கணக்கில் எழுதாதீர்கள். 2017இல் கார்ட்டூனிஸ்ட் பாலாவைக் கைது செய்தது மும்பை போலீஸா? நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்தது. அதைப் பார்த்துக் கோபத்தில் ஒரு மனிதர் முதல்வரையும் கலெக்டரையும் போலீஸ் அதிகாரியையும் ரூபாய் நோட்டால் மானம் மறைத்து நிற்பதுபோல் வரைந்தார். சென்னையில் பிடித்து நெல்லைக்குக் கொண்டுபோனார்கள்.

கொங்குக்காரன்:
கார்ட்டூன் வேறு, ஜோக் வேறு. நான் ஜோக் என்றுதான் எழுதினேன்.

வைகைக்கரை:
விகடனில் வந்தது ஜோக். அட்டைப்பட ஜோக். நான்காவது முறையாகச் சொல்கிறேன்.

மழைக்கால நிலா:
நீங்கள் இருவரும் 1987ஐ விட்டு நகரப்போவதில்லை. என் தம்பிக்குத் திக்குவாய். பள்ளி ஆண்டு விழாவில் ஒரு பையன் மேடையில் அவனை மாதிரியே பேசிக் காட்டினான். "ப... ப... ப..." என்று இழுத்து, கண்ணை இறுக்கி மூடி, தோளை உலுக்கி. அரங்கம் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியர்களும்தான். என் தம்பி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தானும் கைதட்டினான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

நகைச்சுவை என்றால் உங்களுக்கு மந்திரியும் ஜெயிலும் மட்டும்தான். முதுகெலும்புத் தசைச்சிதைவு உள்ள குழந்தைகளின் பெற்றோர் என்ன பாடுபடுகிறார்கள் தெரியுமா? அதை வைத்து ஜோக் அடித்தவர்கள் விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஆகஸ்டில் நகைச்சுவையாளர் சமய் ரெய்னா உட்பட ஐந்து பேரைத் தங்கள் சேனலிலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது நீதிமன்றம். எனக்கு அது நியாயம் என்றுதான் பட்டது.

வைகைக்கரை:
உங்கள் தம்பிக்கு நடந்தது கொடுமை, சகோதரி. அந்தப் பையனைக் கண்டிக்காத ஆசிரியர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். இன்று நியாயமான மன்னிப்புக்கு நீதிமன்றத்தை அழைத்தால், நாளை அதே கதவு வழியாக மந்திரி வருவார். 1987இல் சபாநாயகர் கேட்டதும் மன்னிப்புத்தான்.

மழைக்கால நிலா:
என் தம்பியை உங்கள் 1987க்குப் படிக்கட்டாக்காதீர்கள். மந்திரி பலசாலி. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பையன் பலசாலியா? அதிகாரத்தில் இருப்பவனைக் கேலி செய்வதும் இல்லாதவனைக் கேலி செய்வதும் ஒன்றா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்:
பதில் வராது, சகோதரி. நான் ஒன்று கேட்கிறேன். 2020 ஜூலையில் கறுப்பர் கூட்டம் யூடியூப் சேனல் கந்த சஷ்டி கவசத்தைக் கொச்சைப்படுத்தியபோது கைது நடந்தது, குண்டர் சட்டம் பாய்ந்தது. அப்போது இதே வைகைக்கரை என்ன எழுதினார்? "இவர்களையெல்லாம் உள்ளே வைத்தால்தான் புத்தி வரும்." எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று கருத்துச் சுதந்திரம் வைகையில் அடித்துக்கொண்டு போய்விட்டதா?

வைகைக்கரை:
பொய். "வழக்குப் போடட்டும், குண்டர் சட்டம் வேண்டாம்" என்று எழுதினேன். என் அம்மா தினமும் விளக்கேற்றி அந்தக் கவசத்தைச் சொல்பவர். எனக்கும் வலித்தது. வலித்தும் குண்டர் சட்டம் வேண்டாம் என்றேன். முடிந்தால் தேடி எடுத்துப் போடுங்கள்.

அப்புறம், நீங்கள் கறுப்பர் கூட்டத்தை இழுத்ததால் கேட்கிறேன். அது தமிழ்நாடா, வடக்கா? அதுவும் ஜோக் இல்லை என்பீர்களா?

கொங்குக்காரன்:
அது அவமதிப்பு. ஜோக் இல்லை.

வைகைக்கரை:
கார்ட்டூன் ஜோக் இல்லை, கேலி ஜோக் இல்லை, ஜோக்கும் ஜோக் இல்லை!

கறுப்புக்கோட்டு:
சரி, தி.மு.க. மந்திரியாக இருந்த பொன்முடி விஷயத்தை எங்கே வைப்பீர்கள்? 2025 ஏப்ரலில் சைவம், வைணவத்தை வைத்து ஆபாசமாக ஒரு கதை சொன்னார். கட்சிப் பதவி போனது, மந்திரி பதவியும் போனது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. மேடையில் சிரிக்க வைக்கத்தான் அவரும் சொன்னார். அவருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டா? 1989இல் ரங்கராஜன் வழக்கில், ஒரு தமிழ்ப் படம் தொடர்பாகத்தான், மிரட்டலுக்குப் பயந்து பேச்சுரிமையை அடக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அளவுகோலை வைத்துப் பேசுவோமே.

கொங்குக்காரன்:
பொன்முடியை ஏன் இழுக்கிறீர்கள்? நீங்கள் எந்தக் கட்சி என்று இப்போது தெரிந்துவிட்டது.

கறுப்புக்கோட்டு:
எந்தக் கட்சியும் இல்லை. இருபது வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். அந்த மரியாதையாவது கொடுங்கள்.

கொங்குக்காரன்:
வக்கீல் என்றால் விமர்சிக்கக் கூடாதா? இதுதான் கருத்துச் சுதந்திரமா?

வைகைக்கரை:
பொன்முடி பதவி இழந்தார், சிறைக்குப் போகவில்லை. ஓட்டுப் போட்டவன் முகம் சுளித்தான், கட்சி பயந்தது. மந்திரிக்கு அது சரியான தண்டனை. ஜோக் எழுதியவனுக்கு ஜெயில், ஜோக் சொன்ன மந்திரிக்கு வீடு. இந்த வித்தியாசத்தையாவது பாருங்கள்.

மழைக்கால நிலா:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொங்குக்காரன்:
வராது என்று அப்போதே சொன்னேன். 2020இல் அவர் எழுதியதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் இங்கேயே ஒட்டுவேன்.

வைகைக்கரை:
தேடுங்கள். என் அப்பா அந்த வருட விகடன்களை பைண்டு பண்ணி வைத்திருக்கிறார். நாளைக்குப் பரணிலிருந்து இறக்கி அந்த அட்டையைப் படம் பிடித்துப் போடுகிறேன். ஜோக்கா இல்லையா என்று கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கொங்குக்காரன்:
போடுங்கள். மூன்று நாள், அதுவும் மன்னிப்புக் கேட்காததற்கு.

வைகைக்கரை:
ஜோக்குக்கு!