லைப்ரரி புதியது, ஹெடர் பழையது: சிமேக் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம், கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையின் எடையைப் பதிந்து வைக்க, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் (டெபியன் 12 லினக்ஸ்) சி பிளஸ் பிளஸ் புரோகிராம் ஒன்று எழுதியிருக்கிறேன். முன்பு பில்டு செய்யும்போதெல்லாம் சிமேக் (பில்டை நடத்தும் கருவி) எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் லைப்ரரியின் சோர்ஸை நெட்டிலிருந்து இறக்கும். மழை பிடித்தால் இங்கே நெட் போய்விடும், பில்டும் அப்படியே நின்றுவிடும். அதனால் டெபியனின் ஆப்ட் மூலம் அதன் டெவ் பேக்கேஜை நிறுவி, கணினியில் ஏற்கெனவே இருப்பதைத் தேடி எடுக்கும் சிமேக்கின் ஃபைண்ட் பேக்கேஜுக்கு மாறினேன்.

சிக்கல் என்னவென்றால், யாரோ எப்போதோ கம்பைல் செய்து வைத்த பழைய எஸ்க்யூலைட் 3.31.1 யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் கிடக்கிறது, சிமேக் முதலில் அதைத்தான் எடுத்தது. சரி என்று, எங்கே தேட வேண்டும் என்று சிமேக்குக்குச் சொல்லும் எஸ்க்யூலைட்3 ரூட்டை யூஎஸ்ஆர் என்று கொடுத்து, பில்டு ஃபோல்டரையும் அழித்துவிட்டு ஓட்டினேன். இப்போது லிங்க் ஆவது 3.40.1. ஆனால் ஹெடரில் (லைப்ரரியில் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபைல்) உள்ள வெர்ஷனை அச்சிட்டால் இன்னும் 3.31.1 என்றே வருகிறது! யூஎஸ்ஆர் இன்க்ளூட் ஜிசிசி கம்பைலர் ஹெடர்களைத் தேடும் வழக்கமான பாதை என்பதால் சிமேக் அதைத் தனியாகக் கொடுப்பதில்லை, ஜிசிசியோ லோக்கலைத்தான் முதலில் தேடுகிறது, அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பழையதை அழிக்க முடியாது, தராசைப் படிக்கும் புரோகிராம் அதை நம்பித்தான் ஓடுகிறது. அதைத் தொடாமல் என் புரோகிராமான இந்த ஒரு டார்கெட்டுக்கு மட்டும் சரியான ஹெடர் வரும்படி செய்ய வழி இருக்கிறதா? இலைக் கணக்கு தப்பினால் விவசாயிகள் கைக்கு வரும் காசு குறையும், அதனால் இப்படியே ஓட்ட மனம் வரவில்லை.