எங்கள் ஊர்ச் சாலை யாருடையது? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பஸ் நிற்கும் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் அம்மன் கோயில் வரை ஒரு கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான தார்ச்சாலை. சென்ற மழையில் வாய்க்கால் பாலத்தருகே பெயர்ந்துபோனது. பால் கேனைக் கட்டிக்கொண்டு வரும் சைக்கிள்காரர்கள் அந்த இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறார்கள்.

மனு கொடுக்கப் போனால் ஒன்றிய அலுவலகத்தில், "இது நெடுஞ்சாலைத் துறைச் சாலை" என்கிறார்கள். அங்கே போனால், "ஒன்றியத்திடம் கேளுங்கள்" என்கிறார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், அதில் குறையில்லை!

மாநில நெடுஞ்சாலைக் கல்லின் தலை பச்சை, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டக் கல் ஆரஞ்சு என்பது தெரியும். எங்கள் ஊர்க் கல்லில் ஆடு கட்டிக் கட்டிப் பெயின்ட்டே இல்லை. தடவிப் பார்த்தால் 'இ.மா.சா' என்பதுபோல் எழுத்து தட்டுப்படுகிறது. இதர மாவட்டச் சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்புதானே?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம் என்றிருக்கிறேன். 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் எந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்பது? நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர் அலுவலகத்துக்கா, ஒன்றியத்துக்கா, இரண்டுக்குமா? இப்படி மனு எழுதியவர்கள் வாசகத்தை இங்கே பதிவிட்டால் போதும். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைக்குமுன் கையில் ஒரு தாளாவது வேண்டும்.