பெரிய போட்டி ஊருக்கு வந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கும்?

மதுரை அப்பா
2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையோடு மதுரைக்கும் வந்ததே, மகளை ரேஸ்கோர்ஸ் ஹாக்கி மைதானத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே நீல டர்ஃபை, அதாவது செயற்கைப் புல்தரையைப் பார்த்துவிட்டு "இதுல விழுந்தா முட்டி தேயாதாப்பா?" என்கிறாள். எட்டாவது படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுவாள், பள்ளி மைதானம் மழை பெய்தால் குளம். ஒரு ஊர் இந்தப் போட்டிகளை எப்படிப் பிடிக்கிறது, இவளை மாதிரிப் பிள்ளைகளுக்கு அதில் ஏதாவது உண்டா?

எழும்பூர் கேலரி
டர்ஃபிலும் தேயும், அதற்காகவும்தான் தண்ணீர் அடிக்கிறார்கள். எழும்பூரில் 2007 ஆசியக் கோப்பை பார்த்தவன் நான், அடுத்த பெரிய சர்வதேசப் போட்டிக்கு 2023 வரை காத்திருந்தேன், அதுவும் புது டர்ஃப் போட்ட பிறகுதான். மைதானம், ஓட்டல் அறை, செலவுக்கு அரசு பொறுப்பு, இவ்வளவும் கையில் இருந்தால் போட்டியை எங்கள் ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்கலாம். செஸ் ஒலிம்பியாட் 2022இல் ரஷ்யாவில் நடக்க வேண்டியது, போர் வந்ததும் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள், நம் ஆட்கள் முந்திக்கொண்டு சில மாதத்திலேயே மாமல்லபுரத்தில் நடத்திக் காட்டினார்கள். என்ன, செஸ்ஸுக்குப் பெரிய ஹால் போதும்!

பழைய பி.டி. வாத்தியார்
தம்பி, உலகக் கோப்பையை விடுங்கள். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 7, 8, 9, 11ஆம் வகுப்புக்கு ஆள் எடுப்பார்கள், அறிவிப்பு வரும்போது ஒன்பதாவதுக்குப் போட்டுப் பாருங்கள். முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்ட அளவிலேயே பதிவு செய்யலாம், சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அப்புறம் ஒன்று, மண்ணில் ஓடும் ஸ்பைக்ஸோடு, அதாவது அடியில் நீள ஆணி வைத்த ஷூவோடு, பிள்ளையைச் சிந்தடிக் டிராக்கில் இறக்காதீர்கள். ஆணியைக் கழற்றி 6 மி.மீ. போடுங்கள்.

கேட்டுக்கு வெளியே
வாத்தியார் சொல்வது சரி, ஆனால் உள்ளே விட வேண்டுமே! எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் போட்டி முடிந்த மறுவாரமே கேட்டுக்குப் பூட்டு, காலை ஆறு மணிக்குப் போன பசங்களை வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிட்டார், ஏதோ விழாவாம். திறந்த பிறகு போய்ப் பார்த்தால் டிராக் ஓரத்தில் பந்தல் கால் நட்ட குழி. போட்டி வருவது பெருமைதான், யார் இல்லை என்றது? மறுநாள் காலையில் யார் ஓடுகிறார்கள் என்று அதிகாரிகளைக் கேளுங்கள்.

மதுரை அப்பா
வாத்தியார் ஐயா, இப்போதுதான் அவள் ஷூவைப் புரட்டிப் பார்த்தேன். 12 மி.மீ. ஆணி, அதிலும் இரண்டைக் காணோம். ஆறு மி.மீ. மதுரையில் எந்தக் கடையில் கிடைக்கும்?