நில நண்டு மண்ணுக்குள்ள போயிருச்சு, செத்துருச்சா?

பாஸ், ரெண்டடி டேங்க்ல ஒரு நில நண்டு வளக்குறேன், பத்து நாளா மண்ணத் தோண்டி உள்ள போனது வெளியவே வரல, போட்ட கேரட்டும் அப்படியே கெடக்கு. தோண்டிப் பாக்கவா?

> ஐயோ தோண்டாதீங்க! ஓடு கழட்டுதுன்னு நெனைக்கிறேன். புது ஓடு இறுகுற வரைக்கும் உடம்பு மெத்துனு இருக்கும், கை பட்டாலே ஆபத்து. பழைய ஓட்ட அதுவே தின்னும், கால்சியம், எடுத்துப் போட்றாதீங்க. செத்திருந்தா நாத்தமே சொல்லிரும் 😄

> மண்ணு ஈரமா இருக்கா? நில நண்டுக்கும் செவுள்தான், ஈரம் காஞ்சா மூச்சு முட்டிரும்.

ஈரம் இருக்கு, பைப் தண்ணிதான் தெளிக்கிறேன்.

> அதுல குளோரின் இருந்தா ஆகாது, மீன் கடைல குளோரின் எடுக்குற சொட்டு மருந்து கிடைக்கும், கலந்துட்டு ஊத்துங்க. மூடி மேல கல்லு வைங்க, என்னோடது ஒருநாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி போயி உக்காந்திருச்சு