'சிறுநீரக எலும்புருக்கி' வேண்டாமே

ஐயா, நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளுக்காக, சிறுநீரகம் பழுதாவதால் வரும் எலும்புக் கோளாறான ரீனல் ஆஸ்டியோடிஸ்ட்ரோபிக்குத் தமிழில் நீங்கள் சொன்ன 'சிறுநீரக எலும்புருக்கி' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. எலும்புருக்கி என்றால் எங்கள் கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இன்றைக்கும் டி.பி.தான். டயாலிசிஸுக்கு வருகிறவர் கையில் இந்தச் சொல் போட்ட தாளைக் கொடுத்தனுப்பினால், வீட்டில் அவர் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள்.

பொருளும் சரியாக உட்காரவில்லை. சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கிவிடும். வைட்டமின் டி-யை உடல் எடுத்துக்கொள்ளும் வடிவத்துக்கு மாற்றும் கடைசி வேலையும் சிறுநீரகத்தினுடையது என்பதால் அதுவும் குறைந்து, குடல் கால்சியத்தை உறிஞ்சுவது குறையும். உடனே கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பயறு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் ஹார்மோனைக் கொட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கும். சரி, இது உருக்குவதுதான். ஆனால் அந்த ஹார்மோனை மருந்தால் அளவுக்கு மீறி அடக்கிவிட்டால் எலும்பு தேய்வதும் குறைந்து, புதிதாகக் கட்டுவதும் குறைந்து மந்தமாகக் கிடக்கும். அதை எப்படி உருக்கி என்பது?

'சிறுநீரக எலும்புநோய்' எளிமைதான், ஆனால் சிறுநீரகக் கல் என்று கேட்டுப் பழகிய காதுக்கு உள்ளே எலும்பு முளைத்தது போலப் படும். நான் சொல்வது 'சிறுநீரகவழி எலும்புச் சீர்கேடு'. காரணம் எங்கே என்பதும் தெரியும், தேய்வு மந்தம் இரண்டுக்கும் இடம் இருக்கும்.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 2006இல், சிறுநீரக நோய்ச் சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் கேடிகோ அமைப்பு, ரீனல் ஆஸ்டியோடிஸ்ட்ரோபி என்ற பழைய பெயரை எலும்புத் துண்டெடுத்துச் சோதிக்கும்போது தெரியும் மாற்றங்களுக்கு மட்டும் என ஒதுக்கிவிட்டு, ரத்தத்தில் தாதுக்களின் கோளாறு, எலும்புக் கோளாறு, ரத்தக் குழாயில் சுண்ணாம்பு படிவது எல்லாவற்றையும் சேர்த்து சி.கே.டி.-எம்.பி.டி. (நாள்பட்ட சிறுநீரக நோயில் வரும் தாது, எலும்புக் கோளாறு) என்று வைத்தது. அதற்கு 'சிறுநீரகவழித் தாது-எலும்புச் சீர்கேடு' என்று போடலாம். நாக்கு சுளுக்கும், தெரியும், அது பாடநூலுக்கு.

அப்புறம், தாளில் 'சுண்ணாம்புச்சத்துக் குறைவு' என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். படித்தவுடன் மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை கேட்டு வாங்கித் தானாகவே போட்டுக்கொள்வார்கள், அது எலும்புக்குப் போகாமல் ரத்தக் குழாயில் போய்ப் படியக்கூடும்.

பாஸ்பேட் பைண்டருக்கு 'பிணைப்பி' அகராதியில் இருக்கட்டும். அந்த மாத்திரை குடலில் உணவோடு கலந்தால்தான் பாஸ்பரஸைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். மத்தியானம் முதுநகர்க் கருவாட்டுக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டு ராத்திரி படுக்கும்போது போட்டால் அந்தச் சாப்பாட்டுக்கு உதவாது. அதனால் நோயாளிகளுக்கு 'சோற்று மாத்திரை' என்றே எழுதலாம் என்று நினைக்கிறேன். சோற்றுக்குப் பதிலாகப் போடுவது என்று யாருக்காவது தொனித்தால் சொல்லுங்கள், அச்சுக்குப் போவதற்குள் மாற்றிவிடலாம்.