மறு: கன்ஸ்ட்ரக்டட் வெட்லாண்டுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம் நண்பர்களே,

உரம் போட்ட வயல்ல இருந்து வடியுற தண்ணியைச் சுத்தம் பண்ண வயலோரமா நாமளே அமைக்கிற ஆழமில்லாத நீர்நிலைதான் கன்ஸ்ட்ரக்டட் வெட்லாண்ட், அதுக்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். "செயற்கை ஈரநிலம்"னே வச்சுக்கலாம்னு ரெண்டு மூணு பேர் சொல்லியிருக்கீங்க. சூழலியல் கட்டுரைக்கு அது போதும், எனக்கு மறுப்பில்ல. ஆனா இந்தச் சொல்லை முதல்ல காதுல வாங்கப்போறவர், தன் நிலத்துல ஒரு துண்டை இதுக்கு விடலாமா வேணாமான்னு யோசிக்கிற விவசாயி. அவர் எதிர்ல உக்காந்து "ஐயா, உங்க வயலோரமா ஒரு ஈரநிலம் அமைக்கலாம்"னு சொல்லிப் பாருங்க. "அது ஈரமாத்தானே கெடந்துச்சு, வடிய வைக்கத்தானே இத்தனை வருசம் பாடுபட்டேன்"னு கேப்பாரு. சதுப்புநிலம்னா இன்னும் மோசம், நிலம் உதவாமப் போச்சுன்னுதான் அர்த்தம் ஆகும்.

அதோட, வருவாய்க் கணக்குல வெட் லாண்டுன்னா நன்செய், பாசனம் உள்ள நல்ல நிலம். ஈரநிலங்களைக் காக்கிறதுக்காக 1971ல உருவான ராம்சார் உடன்படிக்கைங்கிற நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தத்தோட வகைப்பாட்டுல நெல்வயலே மனுசன் உண்டாக்கின ஈரநிலமாத்தான் வருது. அதனால ஈரநிலம்ங்கிறது பெரிய குடும்பப் பேரா இருக்கட்டும், நாம பேசுற இந்த ஒண்ணுக்குத் தனிப்பேர் வேணும்.

இது செய்ற வேலையைப் பாத்தா பேர் தானா வரும். உரம் போட்ட வயல்ல இருந்து வடிகால் வழியாவோ, மண்ணுக்கடியில பதிச்ச குழாய் வழியாவோ வெளியேறுற தண்ணியில உரத்துலேர்ந்து வர்ற நைட்ரேட்ங்கிற உப்பு கரைஞ்சு வருது. அதை நேரா ஆத்துக்கு விடாம முழங்கால் ஆழத்துல சில நாள் நிறுத்தி வச்சா, அடிச் சேத்துல பிராணவாயு இல்லாத இடத்துல இருக்கிற பாக்டீரியா அந்த நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா மாத்தி காத்துல விட்டுடும். நிறுத்தித் தாங்குறதுதான் இங்க முக்கியம். சின்ன ஏரிக்குத் தமிழ்ல ஏற்கெனவே தாங்கல்னு பேர் இருக்கு, ஊர்ப் பேர்கள்லயும் நிறைய இருக்கு. அதனால என் பரிந்துரை: வடிநீர்த் தாங்கல். தண்ணி வெளியேறுற இடத்துக்கும் புதுச்சொல் தேட வேணாம், கலிங்குன்னே சொல்லலாம்.

தாங்கல்னா பாசனத்துக்குத் தண்ணி கிடைக்கும்னு நினைச்சுடுவாங்களேன்னு ஒரு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்வி. முன்னால நிக்கிற "வடிநீர்" அதைத் தெளிவாக்கும்னு நம்புறேன், ஆனாலும் இது பாசனத்துக்கு இல்லைன்னு முதல் பேச்சுலயே ஒளிக்காமச் சொல்லிடணும்.

சைட்டிங்குக்கு, அதாவது இதை எங்க அமைக்கலாம்னு முடிவு பண்றதுக்கு, "தளத்தேர்வு"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். "இடம் பாக்குறது"ன்னு சொன்னாலே போதுமே, எழுத்துல வேணும்னா இடத்தேர்வு. எந்த மூலையில தண்ணி தேங்கி விதைச்சது அழுகுதுன்னு நிலத்துக்காரரைக் கேட்டா, நாம வரைபடத்துல தேடுறதுக்கு முன்னாடி அவர் காலால நடந்து போய்க் காட்டிடுவார். ஆனா அந்தப் பள்ளம் மட்டும் பத்தாது, மேல இருக்கிற வயல்களோட வடிநீர் அது வழியாப் போகணும், இல்லைன்னா அது வெறும் குட்டைதான், நைட்ரேட்டுக்கு ஒண்ணும் செய்யாது. அமெரிக்காவோட அயோவா மாநிலத் திட்டத்துல நீர்ப்பிடிப்புப் பரப்புல 0.5ல இருந்து 2 சதவீதம் அளவுக்குத்தான் இதை அமைக்கிறாங்க, வர்ற நைட்ரேட்டுல 40ல இருந்து 70 சதவீதம் வரை குறையுதுன்னு கணக்கு. 200 ஏக்கர் தண்ணி வடியுற இடத்துல 1ல இருந்து 4 ஏக்கர். இப்படி ஏக்கர்ல சொன்னாத்தான் எதிர்ல இருக்கிறவர் மனசுல கணக்குப் போட முடியும்.

கோரை, சம்பு வளரும்னு சொல்றப்பவும் கவனம் வேணும். நமக்கு அது தாங்கலோட செடி, அவருக்குக் கோரைன்னா வாழ்நாள் பூரா பிடுங்கின களை, விதை பக்கத்து வயலுக்கு வருமான்னு கட்டாயம் கேப்பாரு. இதைவிடப் பெரிய பயம், கலிங்கு மட்டம் உசந்தா பக்கத்துக்காரர் வடிகால்ல தண்ணி எதுத்து ஏறுமாங்கிறது. மட்டம் வச்சுப் பாத்து, தண்ணி எதுவரை நிக்கும்னு அவர் கண்ணு முன்னால குச்சி நட்டுக் காட்டணும், வாய்ப்பேச்சு போதாது. நிலம் குத்தகையில இருந்தா உழுறவரையும் கூட்டி வச்சுப் பேசணும், ஏன்னா விளைச்சல் போறது அவருக்குத்தான்.

இந்தத் தண்ணி எதுத்து ஏறுறதுக்கு உங்க பக்கத்துல என்ன சொல்றீங்க? "எதிரேற்றம்"னு எழுதி வச்சிருக்கேன், திருப்தியா இல்ல. வயல்ல புழங்குற சொல் யாருக்காவது தெரிஞ்சா எழுதுங்க.